கை பட்ட இடம்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வழி கேட்கவேண்டிய அவசியமில்லை. வீட்டுக்குள் இருக்கவேண்டிய சாமான்களெல்லாம் வெளியே வந்து நிற்கிற தெரு எதுவோ அதுதான். நிலைக்கதவுகள் சுவரில் சாய்ந்திருக்கும். தேக்குத் தூண்கள் படுத்திருக்கும். அண்டா, குத்துவிளக்கு, அஞ்சறைப்பெட்டி, பல்லாங்குழி, தேங்காய் துருவி, ஊறுகாய் ஜாடி, நின்றுபோன சுவர்க்கடிகாரம், மூக்குடைந்த மரக்குதிரை, யாருடையதென்று தெரியாத கல்யாண போட்டோ என்று ஒவ்வொரு கடையும் வாசலைத் தாண்டித் தெருவில் கால் நீட்டியிருக்கும்.

இவ்வளவு சாமான் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சுற்றியிருக்கும் ஊர்களே பதில். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித் தொழில் செய்த நகரத்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் இங்கே வீடு கட்டிக்கொண்டே இருந்தார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கப்பலில் வந்தன. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்களே தனி அறைகளை நிறைத்தன. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தபோது பல குடும்பங்களின் முதல் அங்கேயே மாட்டிக்கொண்டது. வீடுகள் நின்றன, வீட்டுக்குப் பங்குதாரர்கள் பெருகினார்கள். பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை யார் செலவு செய்து காப்பாற்றுவது? இடிப்பது என்று முடிவானால் நிலை, தூண், உத்திரம் முதல் அடுப்படிக் கரண்டி வரை இந்தத் தெருவுக்கு வந்து சேரும்.

ஆனால் வீடுகள் எண்ணி முடிகிற சரக்கு. வாங்க வருகிறவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் புதிய வீடு கட்டுகிறவர்களுக்கும், ஓட்டல்காரர்களுக்கும், சினிமாவுக்கு செட் போடுகிறவர்களுக்கும் பழைய சாமான் வேண்டும். இடைவெளியை நிரப்பப் புதுச் சாமான் பழைய வேஷத்தில் வருகிறது. எது அந்த வீடுகளிலிருந்து வந்தது, எது போன வருஷம் ஏதோ ஒரு பட்டறையில் பிறந்தது என்று பிரித்துப் பார்க்கும் ஆசையில்தான் இந்தப் பயணம் கிளம்பினேன். கூட வந்தவர் என் மாமா. திருமயம் பக்கம் தச்சுவேலை பார்த்து ஓய்ந்தவர். இடித்த வீடுகளின் கதவுகளைக் கழற்றி, செதுக்கி, புது வீடுகளில் பொருத்துவதே அவர் வாழ்நாளின் பெரும்பகுதி வேலை. மரத்தைப் பற்றி அவர் சொன்னால் நம்பலாம். பித்தளையைப் பற்றியும் நிறையச் சொல்வார்.

முதல் கடையில் ஒரு கல்லாப்பெட்டி. சாய்ந்த மூடி, உள்ளே காசுக்குக் குழித்த கிண்ணங்கள், முன்பக்கம் பித்தளைப் பூட்டு. "நூத்தம்பது வருஷம்ணே, ரங்கூன்ல கடை வச்சிருந்த வீட்டுச் சாமான்" என்றார் கடைக்காரர். மாமா பூட்டைப் பார்க்கவில்லை, பித்தளைப் பூவேலையைத் தொடவில்லை. பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார். அடிப்பலகையில் இழைப்புளி பட்டிருக்கவில்லை, அறுத்தபடியே விட்டிருந்தார்கள். அதில் மெல்லிய வளைகோடுகள் வரிசையாக ஓடின. வட்ட ரம்பம் போட்ட கோடுகள் அவை. கையால் இழுத்த ரம்பம் நேர்கோடு போடும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் சாய்வு கொஞ்சம் மாறும், ஆள் மூச்சு வாங்கின இடம்கூடத் தெரியும். வட்ட ரம்பம் வந்தும் ரொம்ப நாளாகிவிட்டதால் அந்தக் கோடு மட்டும் போதாது. மாமா அடுத்து ஒரு கீலைக் காட்டினார். அதில் இருந்தது நட்சத்திரத் திருகாணி, அதாவது தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்குரூ. அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1936-ல். ரங்கூன் கடைக்காரர் அதை வாங்கியிருக்க முடியாது.

"பின்னாடி யாராவது ரிப்பேர் பண்ணியிருப்பாங்கண்ணே."

இந்தப் பதில் எல்லாக் கடைகளிலும் தயாராக இருக்கிறது. பல சமயம் உண்மையாகவும் இருக்கும். அப்படி மாற்றியிருந்தால் பழைய ஆணியின் ஓட்டை பக்கத்தில் இருக்கவேண்டும், பழைய கீலின் நிழல் மரத்தில் விழுந்திருக்கவேண்டும். இரண்டும் இல்லை. பிறகு மாமா பக்கவாட்டுப் பலகையில் விரலை ஓட்டினார். பூச்சி அரித்திருந்தது. எனக்கு அது பழமைக்குச் சான்றாகத்தான் பட்டது. அவருக்கு அதுவே நேரெதிர்ச் சான்று. பூச்சி மரத்துக்குள் சுரங்கம் வெட்டும். வெளியே தெரிவது அது வந்துபோன சின்ன வட்டத் துளை மட்டும்தான். இங்கே சுரங்கமே நீளவாக்கில் திறந்து பள்ளமாகக் கிடந்தது. பூச்சி அரித்து முடித்த பிறகுதான் இந்த மரம் பலகையாக அறுபட்டிருக்கிறது. ஏதோ ஒரு வீட்டு உத்திரம் பெட்டியாகியிருக்கிறது. துளைகளை டிரில்லால் போடுகிறவர்களும் உண்டு. அவை நேராக இறங்கும். உள்ளே ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் தடையில்லாமல் போகும். உண்மையான துளை சற்று உள்ளே போனதும் திரும்பிவிடும்.

எனக்கு மறக்காமல் நிற்பது அவர் கடைசியாகக் கேட்ட கேள்விதான். பெட்டியின் நான்கு மூலைகளும் ஒரேமாதிரி மழுங்கியிருந்தன.

"ஏந்தம்பி, நாலு பக்கமும் ஆள் உக்காந்தா காசு எண்ணுனாங்க?"

கல்லாப்பெட்டிக்கு முன்னால்தான் ஆள் உட்காருவார். முன் விளிம்பு தேயும், அதிலும் வலக்கைப் பக்கம் கூடத் தேயும். மூடியைத் தூக்கும் இடம் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுக்கும். பின்பக்கம் சுவரோடு இருப்பதால் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். உப்புத்தாள் போடுகிறவனுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை, தெரிந்தாலும் அதற்கு நேரமில்லை. எல்லா மூலைக்கும் ஒரே உழைப்பைக் கொடுத்துவிடுகிறான். அன்றைக்குப் பிறகு எந்தப் பொருளைப் பார்த்தாலும் கை எங்கே பட்டிருக்கும் என்று முதலில் யோசித்துவிட்டு, அந்த இடத்தையும் கை படாத இடத்தையும் மாறிமாறிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

கடைக்காரர் கோபப்படவில்லை. "மரம் பழசுதானண்ணே, அதுல என்ன பொய்யி?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அதே கடையில் ஒரு வட்ட மேஜையை மாமா அங்கீகரித்தார். அதற்கு அவர் டேப்பை எடுத்து இரண்டு வாக்கில் அளந்தார். மரம் ரேகையின் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது. குறுக்குவாக்கில் வருஷக்கணக்கில் சுருங்கும். அதனால் வட்டமாக வெட்டிய பழைய மேஜை இன்று துல்லியமான வட்டமாக இருக்காது. இந்த மேஜை குறுக்கே அரை விரல்கடை குறைவாக இருந்தது. இதைப் போலி செய்ய வேண்டுமென்றால் முட்டை வட்டமாக வெட்டவேண்டும். அந்த அளவுக்கு மெனக்கெடுகிறவன் மேஜை விற்றுப் பிழைக்கமாட்டான்.

மங்குச் சாமான் கடைகள் பார்க்க அழகு. நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பூச்சை உருக்கி ஏற்றிய தட்டுகள், கிண்ணங்கள், அடுக்குத் தூக்குகள். ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று அடியில் முத்திரை. இந்த முத்திரைகள் வரலாறு படித்தவனுக்கு உதவும். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு பிறந்தது 1918-ல், பிரிந்தது 1992 முடிவில். அந்தப் பெயர் போட்ட கிண்ணத்தை 'கொள்ளுப்பாட்டி 1900-ல் சீராகக் கொண்டுவந்தது' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடலாம். 'ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால் அது போருக்குப் பின், 1952-க்குள் வந்தது. முத்திரை பூச்சுக்கு அடியில் உறைந்திருக்கிறதா, பிறகு மேலே அச்சடித்ததா என்பதை நகம் சொல்லிவிடும். பெயர்ந்த இடங்களையும் பார்க்கவேண்டும். நெடுங்காலம் கழுவப்பட்ட பாத்திரத்தில் பெயர்ந்த விளிம்பு மழுங்கி, உள்ளே இரும்பு கறுப்பேறிப் போயிருக்கும். அண்மையில் சுத்தியலால் தட்டிய பெயர்ப்பு விரலைக் கிழிக்கும்.

கிராமபோன் பற்றி ஒரு வார்த்தை. பளபளக்கும் பித்தளைக் குழல் தாமரையாக விரிந்து, பெட்டியின் முன்னால் நாய் படம் ஒட்டி, தெருவில் எந்தக் கடையில் எது நின்றாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். அநேகமாக அவ்வளவும் புதுசு. மும்பையிலும் வடக்கேயும் இவற்றைப் பூட்டி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். பழைய சூட்கேஸ் வடிவக் கிராமபோனிலிருந்து எடுத்த இயந்திரம், புது மரப்பெட்டி, புதுக் குழல். அசல் இயந்திரத்தில் ஊசியிலிருந்து குழல் வரை ஒலி போகும் குழாய் மெல்லியதாகத் தொடங்கிப் படிப்படியாக அகன்று வளையும். ஒலி பெருகுவதே அந்த அகலத்தால்தான். ஒட்டுவேலையில் குழாய் ஒரே பருமனாக வந்து சடக்கென்று மடங்கும், மடிப்பில் பற்றவைத்த தழும்பு இருக்கும். 'லண்டன் 1917' என்று பொறித்த பித்தளைத் திசைகாட்டியும் தொலைநோக்கியும் இதே ஜாதி. உத்தராகண்டில் உள்ள ரூர்க்கி, நில அளவைக் கருவிகளுக்குப் பெயர்போன பழைய ஊர்; அந்தக் கைத்திறன் இன்று கப்பல் கருவிகளின் நகல்களாகக் கொட்டுகிறது. நல்ல நகல்கள்தான். அந்த ஆண்டை மட்டும் பொறிக்காமல் விட்டிருக்கலாம்.

ரவிவர்மா படங்களுக்கு நேரம் கொடுத்தேன். ஒரு கடையில் லட்சுமியும் சரஸ்வதியும் அடுத்தடுத்து மாட்டியிருந்தார்கள். சரஸ்வதியின் புடவைக்கு ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்திருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இப்படி அச்சுப்படத்துக்குத் துணி உடுத்துவது பரவலாக இருந்தது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் போனது. ஜெர்மானியரான ஃபிரிட்ஸ் ஷ்லைகர் கைக்கு மாறியது. 1906-ல் ரவிவர்மா இறந்த பிறகும் வெகுகாலம் ஓடியது. ஆகவே 'ரவிவர்மா அச்சகம்' என்று அடியில் இருப்பதால் மட்டும் அவர் காலத்துப் படம் ஆகிவிடாது. நகைக்கடைக்காரர் கண்ணில் செருகும் லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. லட்சுமியின் கன்னத்தில் அதை வைத்தேன். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் ரோஜா இதழ்போல் வட்டம் வட்டமாக, கணக்குத் தப்பாமல் நின்றன. அது இன்றைய ஆஃப்செட் அச்சு. சரஸ்வதியின் கன்னத்தில் அந்த ஒழுங்கு இல்லை. பழைய கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல்லில் புள்ளி வைத்தவர் ஒரு மனிதர். புள்ளிகள் நெருங்கியும் விலகியும் கிடந்தன, ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சற்றே நகர்ந்து விழுந்திருந்தது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கும் இதற்கு உதவும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் ஏறக்குறைய 1950-க்குப் பிறகுதான் பரவியது. அது கலந்த தாள் அந்த வெளிச்சத்தில் நீலவெள்ளையாக ஒளிரும். தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிய புதுத்தாள் இந்த விளக்கின் முன் அகப்பட்டுக்கொள்ளும்.

ஆனால் தெருவில் கூட்டம் கூடுவது படங்களுக்கு முன்னால் அல்ல, காசுத் தட்டுக்கு முன்னால். உள்ளங்கையை நிறைக்கும் செப்புக்காசு ஒன்று. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818'. விலை கேட்டால் கடைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரேமாதிரிக் காசு அடிக்கத் தொடங்கியதே 1835-ல்தான். அதற்கு முன் சென்னைக்குத் தனிக் காசு, வங்காளத்துக்குத் தனிக் காசு, பம்பாய்க்குத் தனிக் காசு. சென்னை ராஜதானிக்காக 1808-ஆம் ஆண்டிட்டு பர்மிங்ஹாமில் அச்சடித்த செப்புக்காசு எப்படியிருக்கும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அவற்றை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809-ல் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மணல்திட்டில் மூழ்கி, பிற்காலத்தில் முக்குளிப்பவர்கள் மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. ராமர் எங்கும் இல்லை.

இந்தப் பொய் நிலைத்து நிற்கக் காரணம் அதில் கால்வாசி உண்மை இருப்பதுதான். கம்பெனி சாமி படம் போட்டுக் காசு அடித்தது நிஜம். சென்னையில் அடித்த நட்சத்திர வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு நிற்பார், மறுபக்கம் மணிமணியான பரப்பில் ஒரு நட்சத்திரம். சுண்டுவிரல் நகத்தளவுத் தங்கக்காசு அது. 1807, 1808 வாக்கில் வந்த வெள்ளிக் காசில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. சுற்றிலும் தமிழ், தெலுங்கு எழுத்துகள்கூட உண்டு. ஊர் மக்கள் நம்பி வாங்கவேண்டுமே என்று வியாபாரி செய்த தந்திரம். தாத்தா சொல்லி அரைகுறையாகக் காதில் விழுந்த 'சாமி போட்ட கம்பெனிக் காசு' என்ற நினைவைத்தான் இந்தச் செப்பு வில்லைகள் காசாக்குகின்றன.

இந்த வில்லையை வெறும் நினைவுப்பொருளாக விற்றால் பரவாயில்லை. இதையே 'ரைஸ் புல்லர்' என்று சொல்லி, அரிசியை இழுக்கும் சக்தி உண்டு, வெளிநாட்டு விண்வெளிக்காரன் கோடிக்கணக்கில் வாங்குவான் என்று கதைகட்டி முன்பணம் கறக்கும் கும்பல்கள் பிடிபடுவது மாதந்தோறும் செய்தித்தாளில் வருகிறது. கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்ற கதையும் அதன் அண்ணன்தான். படித்தவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாம் ஏமாறுகிறார்கள். இந்த மோசடியில் போலிக் காசைக்கூட யாரும் சரியாகச் செய்வதில்லை. கதையைத்தான் இழைத்து இழைத்துச் செய்கிறார்கள்.

மாமா ஒரு ஊறுகாய் ஜாடி வாங்கினார். 'நூறு வருஷத்துச் சாமான்' என்றுதான் பேரம் தொடங்கியது. பில் வந்தபோது அதில் 'பீங்கான் ஜாடி – 1' என்று மட்டும் இருந்தது. வருஷத்தையும் எழுதித் தரச் சொன்னேன். சிரித்தார்கள். சிரிப்புக்குக் காரணம் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு போதும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது தனியாருக்கு அறவே தடை. வாயால் இருநூறு வருஷம் வரை போகலாம். தாளில் எழுதினால் வினை.

தஞ்சாவூருக்கு பஸ்ஸில் போனோம். மேலவீதி, தெற்குவீதிப் பக்கம் ஓவியப் பட்டறைகள் இருக்கின்றன. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்துப் புடைப்பு வேலை செய்து, கல் பதித்து, தங்கரேக்கு ஒட்டுவதைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை. "பழைய மாதிரி வேணுமா, பளிச்சுனு வேணுமா?" என்று கேட்கிறார்கள். பழைய மாதிரி என்றால் நிறங்களை அடக்கி, ரேக்கின் பளபளப்பை மங்கலாக்கித் தருவார்கள். அதே படம் இரண்டு கைமாறி, மூன்றாவது கடையில் 'சரபோஜி காலத்து' என்று பெயர் வாங்கும்போதுதான் போலியாகிறது. திருப்பிப் பார்ப்பதற்குக் கடைக்காரர் தயங்கினால் அங்கேயே புரிந்துவிடும். பின்னால் பிளைவுட் இருந்தால் கேள்விக்கு இடமில்லை. பலா, தேக்குப் பலகையே இருந்தாலும் அது வெடித்த இடத்தில் முன்பக்கச் சாயமும் அதே கோட்டில் வெடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பழைய பலகை வாங்கி அதில் புதுப் படம் எழுதினால் பலகையின் வெடிப்பு சாயத்துக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

அரண்மனைக் கலைக்கூடத்தில் மாமா வெண்கலங்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கேதான் இருக்கிறார். 1011-ஆம் ஆண்டுக்கு உரியவர் என்று கல்வெட்டால் அறியப்பட்டவர். சாய்ந்து நிற்கிறார்; சாய்வதற்கு வேண்டிய காளை இல்லை. காளை இல்லாமலே கை அதன் மேல் கிடக்கிறது. இவருக்கு நகல்கள் எத்தனையோ. கைவினைக் கடைகளில் விதவிதமான உயரத்தில் கிடைக்கின்றன. அசலுக்கு முன் நின்ற பிறகு நகலின் குறை சட்டென்று தெரிகிறது. நகலில் எல்லாம் அளவுக்கு மீறித் தெளிவாக இருக்கிறது. தலைப்பாகையாகச் சுற்றிய பாம்பின் ஒவ்வொரு சுற்றும், இடுப்பு மணியின் ஒவ்வொரு முத்தும் ஒரே ஆழத்தில் வெட்டுப்பட்டிருக்கின்றன. பூசை கண்ட சிலைகளைப் பாருங்கள்: எண்ணெய், பால், சந்தனம் என்று அபிஷேகம் நடந்து கைகள் வழித்துவிட்ட முகம், மார்பு, முழங்கால் வழுவழுப்பாகியிருக்கும். மூக்கு தணிந்திருக்கும். கை நுழையாத முதுகுப்புற மடிப்பில் உளியின் கூர்மை அப்படியே இருக்கும். பீடத்தில் வீதியுலாவுக்குக் கழி செருகும் துளைகளின் உள்விளிம்பும் தேய்ந்திருக்கவேண்டும். மாமாவின் கல்லாப்பெட்டிக் கேள்வி இங்கேயும் செல்லும் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொன்னால் பெருமைப்பட்டுவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

அடுத்து, சிலை வார்க்கும் சுவாமிமலையில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினோம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தாக வேண்டும்; ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். சோழர் காலத்திலும் முறை இதுதான். இதனால்தான் இங்கே ஏமாற்றுவதும் எளிது, கண்டுபிடிப்பதும் கடினம். வேறு நாட்டுச் சிலைகளில் உள்ளே தங்கிவிட்ட களிமண்ணைச் சோதித்துக் காலம் சொல்லும் வழி உண்டு. நம்முடையவை பெரும்பாலும் கனமாக வார்த்தவை, உள்ளே மண்ணே இல்லை. மிச்சமிருப்பது உலோகமும் துருவும். இன்று செம்போடு பித்தளையைச் சேர்க்கிறார்கள். பித்தளையோடு துத்தநாகம் வந்துவிடும். சோழர் வெண்கலத்தில் முக்கியமாகச் சேர்வது வெள்ளீயமும் காரீயமும். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன், நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியச் சிலைகளிலிருந்து துளியளவு உலோகம் எடுத்து, அதிலுள்ள காரீயத்தின் ஐசோடோப்புகளைக் கொண்டு காலத்தைப் பிரித்துக் காட்டினார்.

துருவைப் பொறுத்தவரை, மண்ணுக்குள் நூற்றாண்டுகள் கிடந்த வெண்கலத்தில் பச்சைக்கு அடியில் செந்நிறப் படலம் ஒன்று இருக்கும். அது உலோகத்துக்குள் வேர்விட்டு வளர்ந்தது, சுரண்டினால் லேசில் வராது. அமிலமும் நவச்சாரமும் பூசி, சாணமண்ணில் சில மாதம் புதைத்து எடுத்த பச்சை மேலோடு நிற்கும். வெந்நீரும் பஞ்சும் பட்டால் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பட்டறையில் மேசை மேல் சில விண்ணப்பத் தாள்கள் இருந்தன. வெளிநாட்டுக்குப் போகும் சிலைகளுக்கு 'இது தொல்பொருள் அல்ல' என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழுக்கானவை. சிலையின் படம், அளவு எல்லாம் கொடுத்து, அதிகாரிகள் பார்த்து, புதுசுதான் என்று கையெழுத்திட்டால்தான் கப்பல் ஏறும். காரைக்குடியில் ஜாடிக்கு ஆண்டைத் தாளில் வாங்க முடியவில்லை. இங்கே ஆண்டு ஆகவில்லை என்பதற்குத் தாள் வேண்டியிருக்கிறது. நேர்மையான ஸ்தபதிக்கு இது அலைச்சல். ஆனால் இந்த அலைச்சலுக்குக் காரணமான சிலைக் கடத்தல்காரர்கள் இந்த வட்டாரத்தையே பயன்படுத்தியவர்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிய நடராசர் போன்ற சிலைகள் கைவினைப் பொருள் என்ற பெயரில், புதுச் சிலைகளோடு கலந்து, பெட்டியில் வெளியேறின. அசல், நகலாக வேஷம் போட்டது. அந்த நடராசரை 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1970 வாக்கில் டெல்லியில் இருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் அதை வாங்கியதாகக் கடிதம் காட்டப்பட்டிருந்தது. 1972 சட்டத்துக்கு முந்தைய ஆண்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். சிலை சுத்தமான சோழர் சிலை, கடிதம்தான் போலி. அந்தப் பொய்யை உடைத்ததில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களுக்குப் பங்கு உண்டு. கோயில் கோயிலாகப் போய் அவர்கள் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே சிவபுரம் இருக்கிறது. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் கொஞ்சம் குரலைத் தணித்துப் பேசும் ஊர். 1951-ல் வயலில் நடராசரும் வேறு சில திருமேனிகளும் கிடைத்து, கோயிலுக்குத் தரப்பட்டன. சில ஆண்டுகளில் பழுது பார்ப்பதற்காக வெளியே போயின. திரும்பி வந்தவை நகல்கள். பூசை நடந்தது, விளக்கேற்றினார்கள், ஆருத்ரா வந்தது, போனது. ஊரில் யாருக்கும் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-ல் சோழர் வெண்கலங்களைப் பற்றி எழுதிய நூலில்தான், கோயிலில் இருப்பது நகல், அசல் வேறிடத்தில் இருக்கிறது என்பது வெளிவந்தது. அசலை அமெரிக்கரான நார்ட்டன் சைமன் 1970-களின் தொடக்கத்தில் ஒன்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். இந்தியா வழக்குப் போட்டது. பத்தாண்டு அவரிடம் இருக்கட்டும், பிறகு திருப்பித் தரவேண்டும் என்று சமரசமாகி 1986-ல் திரும்பியது.

இந்தக் கதையில் எனக்கு ஒட்டாத இடம் ஒன்று உண்டு. அந்த நகலைப் 'போலி' என்று சொல்ல வாய் வரவில்லை. செய்த சிற்பியின் கை நல்ல கை. இல்லாவிட்டால் ஊரே அத்தனை காலம் கும்பிட்டிருக்காது. கும்பிட்டவர்களும் ஏமாந்தவர்கள் இல்லை. ஆகமப்படி ஆவாகனம் செய்த திருமேனிக்கு வயது ஒரு பொருட்டல்ல. சந்தைக்குத்தான் வயது வேண்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எதுக்குத் திருப்பிக் கேட்டு கேஸ் போட்டாங்க?" என்றார். திருட்டு வேறு, போலி வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியில் பஸ் வந்துவிட்டது.

திரும்பும் வழியில் நாச்சியார்கோவிலில் இறங்கினோம். அத்தைக்குக் குத்துவிளக்கு வாங்கவேண்டும். அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்துத் திருகில் பூட்டுகிறார்கள். பழைய விளக்கையே வைத்து அச்செடுத்து வார்த்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கடையில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் நகல் அசலைவிட ஒரு பொட்டு சின்னதாகத்தான் வரும், அன்னத்தின் இறகுக் கோடும் மொழுக்கென்று ஆகிவிடும் என்றார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

"பாலிஷா குடுக்கவா ஐயா, ஆன்டிக் ஃபினிஷா? ஆன்டிக்னா கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும்."

"எதுக்குக் கூட?"

"கறுக்க வைக்கணும்ல, ஆள் கூலி இருக்கு."

மாமா பாலிஷ் போட்டதை எடுத்துக்கொண்டார். திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார், எடை சரிபார்த்தார், பில்லில் தேதி விட்டுப்போயிருந்ததை எழுதச் சொன்னார்.